சாம்பியாவுக்குப் போன கேசட்

அன்றைக்கு அறையில் இருந்தது ஐந்து பேர்: சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்த அம்மா, அவள் காலடியில் தம்பி, டேப் ரெக்கார்டர் கொண்டுவந்த சபைச் செயலர் தங்கராஜ் அண்ணாச்சி, மிளகுத் தண்ணீரோடு வந்த பக்கத்து வீட்டுக் கௌரியக்கா, சிவப்புப் பொத்தானில் விரல் வைத்தபடி நான். ஃபேன் சத்தம் பதிந்துவிடும் என்று அண்ணாச்சி நிறுத்தச் சொல்லியிருந்ததால், பருத்திப்பட்டு ஏரியின் பாசி வாடையும் அம்மா நெஞ்சில் தடவியிருந்த தைலத்தின் வாடையும் அந்த ஒற்றை அறையில் அசையாமல் நின்றன.

அப்பா பாஸ்டர். நான் நாலாவது படிக்கும்போது சாம்பியாவுக்குப் போனவர். அங்கே மரத்தடியில் ஜெபம் தொடங்கி, ஆள் சேர்ந்ததும் ஒரு சபையைக் கட்டிவிட்டு அடுத்த கிராமத்துக்கு நடப்பார். நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் வீடு. யாராவது அந்தப் பக்கம் போனால், நாங்கள் பேசிப் பாடி ஒரு "கேசட்" கொடுத்தனுப்புவது வழக்கம். அப்பா அதைச் சபையிலும் போட்டுக் காட்டுவார்.

அந்தத் தடவை அம்மாவால் ஒரு வரியைக்கூட இருமாமல் முடிக்க முடியவில்லை. துணியில் ரத்தம் வந்ததை நானும் கௌரியக்காவும் பார்த்திருந்தோம். அவள் இருமும்போதெல்லாம் அண்ணாச்சி கையைத் தூக்குவார். நான் நிறுத்தி, கொஞ்சம் பின்னால் ஓட்டி, இருமலின் மேலேயே மறுபடி பதிய வைப்பேன்.

"இன்னாத்துக்குடி அத்த அழிக்கிற? ஊட்ல இன்னா நடக்குதுன்னு அந்த மனுசனுக்குத் தெரிய வேணாமா?" என்றாள் கௌரியக்கா.

"பாஸ்டர் இப்பந்தான் மூணாவது சபைக்கு அஸ்திவாரம் போட்டிருக்காவ. இந்தச் சத்தத்தக் கேட்டா அடுத்த பிளேன்ல வந்து நிப்பாவ" என்றார் அண்ணாச்சி.

"வந்தா வரட்டுமே. உங்க சாமி கோச்சுக்குமா?"

அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலானது. அதையும் அழித்தேன்.

"விதைக்கப் போனவர வீட்டுச் சேதி சொல்லிக் கூப்பிடக் கூடாது" என்றாள் அம்மா, மூச்சு திரும்பியதும்.

என் முறை வந்தால் சொல்லிவிடுவது என்று மூன்று நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். சொன்னால் அப்பா வந்துவிடுவார். ஆனால் அங்கே அரைச்சுவர் அப்படியே நிற்கும், அதற்கு இந்தப் பெண்தான் காரணம் என்று சபையே பேசும். சொல்லாவிட்டால் அம்மா என்ன ஆவாள்? இப்படி இரண்டு பக்கமும் பயந்துகொண்டிருந்த என் வாயில் கடைசியில் வந்தது, "நாங்க எல்லாரும் சுகமா இருக்கோம்ப்பா" என்பதுதான்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. அதற்குள் அம்மாவைப் பார்த்துக்கொள்ள எட்டாவதோடு பள்ளியை விட்டிருந்தேன். படுத்திருந்தவளுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். அம்மாவின் பாட்டைக் கேட்டுப் பாதிப் பேர் அழுதார்களாம். "நடுநடுவே 'டக் டக்' என்று வருகிறது. ரெக்கார்டரில் கோளாறு போல. அண்ணாச்சியைப் பழுது பார்க்கச் சொல்" என்று எழுதியிருந்தார்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "ஆமான்னு எழுதிரு."

எழுதினேன். அந்தக் கடிதம் போய்ச் சேருமுன் அவள் இறந்த தந்தி போய்விட்டது. அப்பா வந்தபோது அடக்கம் முடிந்து ஆறு நாளாகியிருந்தது. ஒரு மாதம் இருந்தார். கேசட்டைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தம்பியை என்னிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் போனவர், பதினோரு சபைகள் கட்டி, கடைசிச் சபையின் பின்புறத்தில் அடங்கிவிட்டார்.

அவர் பெட்டி போன மாதம் வந்தது. வேட்டிகளுக்கு நடுவே அந்தக் கேசட், அட்டையில் அவர் கையெழுத்தில் அம்மாவின் பெயர். நாங்கள் குடியிருந்த அறை இடிந்து அடுக்குமாடி வந்துவிட்டது. ஏரிக்கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். கௌரியக்கா எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. இதைப் போட்டுக் கேட்க ஆவடி முழுக்க அலைந்தும் ஒரு டேப் ரெக்கார்டர் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் என்ன, இருமல் அதில் இல்லை. அது இருந்த இடங்களில் என் விரல் விழுந்த சத்தம்தான் இருக்கும்.