பலெர்மோவில் ஆகஸ்ட் மாதம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் கணவரும் லண்டனின் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு மாடி அறையில் இருந்தோம். மன்னாரிலிருந்து புறப்பட்ட அம்மாவுக்கு லண்டன் விசா கிடைக்கவில்லை. இத்தாலியில், சிசிலித் தீவில் உள்ள பலெர்மோ என்ற கடற்கரை நகரத்தில், தம்பி ஒரு வசதியான வீட்டில் சமையல் வேலை செய்தான். அம்மாவை அவன் அங்கே கூப்பிட்டுக்கொண்டான். என்னுடைய அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. இங்கிலாந்தை விட்டு நான் அசைய முடியாது. அம்மா எனக்குத் தொலைபேசியில் ஒரு குரலாக மட்டுமே இருந்தார்.

வசந்த காலத்தில் அந்தக் குரல் நன்றாகத்தான் இருந்தது. "மன்னார் மாதிரித்தான் பிள்ளை. கடல், வெயில், நல்ல மீன்."

ஆகஸ்டில் முதலாளி குடும்பம் மலைப்பக்கத்து வீட்டுக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. தம்பி வாடகைக்கு எடுத்திருந்த ஐந்தாம் மாடி வீட்டில் அம்மா தனியே. அக்கம்பக்கத்தவர்களும் வீடுகளைப் பூட்டிவிட்டு விடுமுறைக்குப் போய்விட்டார்கள். அப்போதுதான் சிரோக்கோ வீசத் தொடங்கியது. ஆபிரிக்கப் பாலைவனத்திலிருந்து கடல் தாண்டி வரும் காற்று அது.

"யன்னலைத் திறந்து விடுங்கோ அம்மா."

"திறந்தா நெருப்பெல்லே வருது. பூட்டினா மூச்சு முட்டுது."

"கீழ இறங்கி எங்கையாவது நிழலில இருங்கோவன்."

"இறங்கினா திரும்ப ஏறேலாது பிள்ளை. பைப்பிலயும் தண்ணி நிண்டுட்டுது."

உச்சி வெயிலில் கருவாடு காயப்போட்டவர் அம்மா. வெயிலைப் பற்றி அவர் முறையிட்டு நான் கேட்டதே இல்லை. என் யன்னலுக்கு வெளியே மழை தூறியது. நான் கம்பளிச் சட்டை போட்டிருந்தேன்.

நான் வேலை செய்த தையல் பட்டறையில் ஓர் ஆங்கிலேயப் பெண், "ஆகஸ்டில் சிசிலித் தீவா! உன் அம்மா கொடுத்து வைத்தவர்" என்றாள். நான் தலையாட்டினேன்.

மறுநாள் அம்மா தொலைபேசியை எடுக்கவில்லை. காலையிலும் இல்லை, மத்தியானமும் இல்லை. தம்பி போயிருந்த மலைவீட்டின் தொலைபேசி இலக்கம் எங்களிடம் இல்லை.

"அங்கத்தைய பொலிசுக்குப் போன் அடிப்பமோ?" என்றார் கணவர்.

"அடிச்சு? எந்தப் பாஷையில கதைக்கிறது?"

நான் மறுபடியும் மறுபடியும் இலக்கத்தைச் சுழற்றினேன். பொழுது சாயும் நேரத்தில் அம்மா எடுத்தார்.

"எங்கை போனீங்கள்?" என்று கத்தினேன்.

"மாதா கோயிலுக்கு. நிலம் முழுக்கச் சலவைக்கல்லு, என்ன குளிர்மை! தூணுக்குப் பக்கத்தில படுத்திட்டன். சுவாமியார் வந்து பாத்தார். எழுப்பேல்லை. தலைக்கு வைக்க முழந்தாளிடுற சின்ன மெத்தை ஒண்டும் தண்ணியும் தந்தார்."

"எப்பிடி மேல ஏறினீங்கள்?"

"படிக்குப் படி இருந்து இருந்துதான்."

நான் அழுதேன். காற்று ஓயும்வரை அம்மா தினமும் அப்படித்தான் போய்ப் படுத்திருந்தார்.

மாசியில், திருச்சியில் இருக்கும் தன் தங்கையிடம் போகப்போவதாகச் சொன்னார். "இஞ்சை இப்ப நல்ல காலம். வாதுமை மரமெல்லாம் பூத்திருக்கு. வெளியூர்ச் சனம் வரத் தொடங்கிட்டுது."

"அப்ப இருங்கோவன் அம்மா."

"கோடை திரும்பி வருமெல்லே பிள்ளை. இன்னொருக்கா என்னால ஏலாது."

சித்திரையில் என் அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டு, இத்தாலிக்குப் போக எனக்குப் பயணப் பத்திரம் கிடைத்தது. அம்மா அப்போது திருச்சியில் இருந்தார்.