கறுப்பு தடவிய மாங்குயில்

இராமலட்சுமியின் தபால்தலை நோட்டில் இடது பக்கமெல்லாம் நாய்கள், வலது பக்கமெல்லாம் பறவைகள். கல்யாணத்துக்கு முன் நர்ஸாக இருந்தவள் அவள். வாதம் விழுந்து பேச்சிழந்த கணவர் ஆவுடைநாயகத்தை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைப்பாள், கரண்டியில் கஞ்சி புகட்டுவாள். மிச்ச நேரத்துக்கு நோட்டு. பினாங்கிலிருந்து தம்பி கடிதம் போட்டால் முதலில் உறையைத்தான் பார்ப்பாள். மலேசியப் பறவைகளில் மாங்குயில் மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

1966 சாரல் பருவத்தில், அவள் ஊரான இலஞ்சிக்கு அது வந்தது. தபால்காரர் சுடலைக்கண்ணு உறையை இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

"ஆச்சி, முனையில கறுப்பு தடவியிருக்கு. சாவுச் சேதி. இங்கனயே படிச்சுக் கிழிச்சுப் போட்டுட்டுத் தலை முழுவிருங்க. வீட்டுக்குள்ள கொண்டு போயிராதிய."

"எத்தன பொணத்தக் குளிப்பாட்டுனவ நான். எனக்கே சொல்லுதீரா?"

"அதுக்கில்ல. ஒங்க கண்ணு தபால்தலை மேலயே நிக்குது."

தம்பியின் மாமியார் இறந்துபோயிருந்தாள். இராமலட்சுமி கடிதத்தை வாசலில் கிழித்துப் போட்டாள், குளித்தாள். தபால்தலையை மட்டும் முன்பே வெட்டி மறைத்து வைத்திருந்தாள். தட்டுத் தண்ணீரில் ஊறவைத்தபோது காகிதம் பிரிந்தது. மாங்குயிலின் கண்ணருகே பட்டிருந்த அந்தக் கறுப்பு மை பிரியவில்லை. அப்படியே நோட்டில் ஒட்டி அலமாரியில் வைத்தாள்.

அன்று முதல், எப்போதும் அவர் கட்டிலடியில் படுக்கும் வீட்டு நாய் நிலைப்படி தாண்டி உள்ளே வரவில்லை. வெளியே நின்று அலமாரியையே பார்த்தது. மறுநாள் ஆவுடைநாயகம் கஞ்சியைத் துப்பினார். ஒரு வருஷமாக அசையாத கழுத்து அலமாரிப் பக்கம் திரும்பியிருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அவர் உதட்டைக் குவித்தார். பேச்சில்லாத வாயிலிருந்து மாங்குயில் கூவியது, தெளிவாக, இரண்டு தரம்.

நாடி பிடித்தாள். நிமிஷத்துக்கு நாற்பத்திரண்டுதான். அவர் கை சில்லிட்டிருந்தது.

இராமலட்சுமி யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. நோட்டிலிருந்து தபால்தலையைப் பிய்த்து, வாசலுக்குப் போய் நாலாகக் கிழித்துப் போட்டாள். தலை முழுகிவிட்டு வந்து பார்த்தபோது மண்ணில் மூன்று துண்டுகள்தான் கிடந்தன. கண் இருந்த துண்டைக் காணவில்லை. குனிந்து தேடினாள், சாரல் வலுக்கவே உள்ளே வந்துவிட்டாள்.

நாய் கட்டிலடியில் சுருண்டிருந்தது. சாயங்காலம் அவர் ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தார்.

இன்னும் எட்டு வருஷம் உயிரோடு இருந்தார். ஒவ்வொரு சாரலிலும் ஏதாவதொரு மத்தியானம் மெல்ல உதட்டைக் குவிப்பார். அது கூவுமுன் இராமலட்சுமி ஒரு கரண்டி கஞ்சியை வாயில் வைத்துவிடுவாள்.