புலி போட்ட கம்பளி

அக்கா வீட்டு பீரோவில் ஒரு கம்பளி இருக்கிறது. பழுப்பு நிறம், நடுவில் புலிப் படம். பாதிப் புலிதான் மிச்சம். மீதியைச் சேறு தின்றுவிட்டது. கூத்தாநல்லூர் வெயிலில் அதை எவன் போர்த்துவான்? ஆனாலும் அக்கா கோடையில் மொட்டைமாடியில் காயப்போட்டு எடுத்து வைப்பாள்.

அது மச்சான் கடைச் சரக்கு. மச்சான் என்றால் அக்காவின் கணவர். தண்ணீரில்லாமல் குறுவை கருகிக் கருகி வெறுத்துப்போய், நிலத்தை விற்று, தென்னாப்பிரிக்காவின் வடக்கு எல்லையில் ஓர் ஊரில் கடை போட்டார். நானும் கூடப் போனேன். "அவனுக்கென்ன, ஆப்பிரிக்காவுல மொதலாளி" என்றார்கள் ஊரில். வந்து பார்த்திருக்க வேண்டும். தகரக் கூரை, கம்பிக்கூண்டுக்குள் கல்லா, மாவு மூட்டைமேல் படுக்கை.

அந்த ஊருக்கு எல்லையைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது. பாலத்தில் லாரிகள் நாள்கணக்கில் நிற்கும். நிற்கிற லாரியை நம்பித்தான் சாப்பாடு விற்பவர்களும், நோட்டு மாற்றுபவர்களும், உடம்பை விற்பவர்களும். அக்கரை நாட்டில் கடைகள் காலி. காலையில் இருந்த மதிப்பு மதியம் அவர்கள் பணத்துக்கு இருக்காது. அங்கிருந்து பெண்கள் வந்து எண்ணெயும் சோப்பும் கம்பளியும் வாங்குவார்கள். சுங்கத்தில் பிடுங்குவார்கள் என்று கம்பளியை உடம்பில் சுற்றி, மேலே கவுனை மாட்டிக்கொண்டு, கொதிக்கிற வெயிலில் வரிசையில் நிற்பார்கள். மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உலகச் சந்தை திறந்துவிட்டது என்று பேப்பரில் எழுதினார்கள். கம்பெனி லாரிக்குத் திறந்தது. தலைச்சுமைக்காரிக்குத் திறக்கவில்லை.

பாலத்துக்குக் கீழே ஆறு. பெரும்பாலும் வெறும் மணல். லஞ்சம் கொடுக்க முடியாதவர்கள் அதில் நடந்து கடப்பார்கள். மச்சானும் அந்த வழியாகச் சரக்கு அனுப்பத் தொடங்கினார். சுமைக்காரர்கள் வழியில் மூட்டையைப் பிரித்ததால் தானே கூடப் போனார்.

கடை வாசலில் அவித்த சோளம் விற்கும் அக்கரைப் பெண் ஒருத்தி. சோளக்கா என்று மச்சான் கூப்பிடுவார். அவளும் சிரித்துக்கொண்டே திரும்புவாள். அன்று அவள் சிரிக்கவில்லை. மச்சான் கிளம்பியபோது சட்டைக்கையைப் பிடித்து, தூரத்து மேகத்தைக் காட்டி, ஆற்றின் மேல்பக்கம் மழை, போகாதே என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள். மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தஞ்சாவூர்க்காரனுக்கு ஆத்தைப் பத்திப் பாடம் எடுக்குறா பாரு. மேட்டூர் தொறந்தாக்கூட கல்லணைக்கு வர நாளாவும்டா. இங்க தலைமேல ஒரு சொட்டு இல்ல, தண்ணி எங்கேர்ந்து வரும்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஷட்டரைத் தூக்கினால்தான் ஆற்றில் தண்ணீர் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த ஆறு எவன் ஷட்டருக்கும் கட்டுப்பட்டதில்லை.

நடு ஆற்றில் இருக்கும்போது வெள்ளம் வரும் சத்தம் கேட்டதாம். சுமைக்காரர்கள் மூட்டைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மச்சான் மட்டும் கம்பளி மூட்டையை இழுத்துக்கொண்டு நின்றார் என்று தப்பி வந்தவன் சொன்னான். நிலத்தை விற்று வாங்கிய சரக்கு. விட்டுவிட்டு ஓட மனசு வருமா?

உடல் அக்கரையில் ஒதுங்கியது. இக்கரைக்குக் கொண்டுவரக் காகிதம் கேட்டார்கள். எந்தக் காகிதமும் இல்லாமல் தினமும் போய்வந்த மனிதரைச் செத்த பிறகு தாண்ட விடவில்லை. எனக்கு அங்கே போக விசா இல்லை. அங்கிருந்த நாலு முஸ்லிம்கள் அடக்கம் செய்தபோது, நான் பாலத்தின் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். சோளக்காதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு கம்பளி கிடைத்ததென்று துவைத்துக் கொண்டுவந்து தந்தாள். பாலத்தடியில் விற்றிருந்தால் அவள் பிள்ளைகள் ஒரு வாரம் சாப்பிட்டிருக்கும்.

இந்த வருஷமும் கம்பளி மாடியில் காய்ந்துகொண்டிருந்தது. தெருவில் மைக் கட்டிய ஆட்டோ வந்தது. மேட்டூர் திறந்தாச்சு, யாரும் ஆற்றில் இறங்காதீங்க, ஆடு மாடுகளை விடாதீங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னது. வெண்ணாற்றில் அப்போது பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோ முனை திரும்பும்வரை அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கேட்டாள்.

"இங்க எல்லாம் சொல்லிட்டுத்தான் வருது" என்றாள்.

பிறகு கம்பளியை எடுத்து, புலி உள்பக்கம் போகும்படி மடித்தாள்.