கன்னட அலமாரியின் அடித்தட்டு

நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் இது கட்டிவிட்ட கதை இல்லை. 2007-ல் ஓசூரில், என்னை அண்ணா என்று கூப்பிடும் அனிதாவுக்கு நடந்தது. அவள் வாயாலேயே கேட்டேன். சொல்லி முடிக்கும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அனிதாவும் காவேரியும் மூக்கண்டப்பள்ளியில் ஒரே அறையில் குடியிருந்தார்கள். ஒரே கம்பெனி, வேறு வேறு ஷிப்ட். இருவரும் கிராம நிர்வாக அலுவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். அனிதாவின் கான்ட்ராக்ட் அந்த மாதத்தோடு சரி. தேறாவிட்டால் வேப்பனப்பள்ளிக்குத் திரும்பி, குடிகார அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும்.

அவளுக்குக் கணக்குதான் உதைக்கும். அதற்கு நல்ல புத்தகம் ஒன்று ஓசூரிலிருந்த தனியார் நூலகத்தில் இருந்தது. ஒரே பிரதி. அங்கேயே உட்கார்ந்துதான் படிக்கணும். அந்த நூலகத்துக்குப் புதிதாக வெப்சைட் வந்திருந்தது. பிரவுசிங் சென்டரில் புத்தகத்தின் பெயரை அடித்தால் போதும், இருக்கிறதா, எந்த அலமாரி என்று காட்டிவிடும். ஒவ்வொரு முறையும் ‘உள்ளது’ என்றுதான் காட்டியது. போய்ப் பார்த்தால் இடம் காலி.

“கம்ப்யூட்டர் சொல்றத நம்பாதடி. எவனோ சுட்டுட்டுப் போய்ட்டான்,” என்றாள் காவேரி. கூடப் பிறந்தவள் சொன்னதுபோல அனிதா அதை நம்பினாள்.

தேர்வுக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம். மனசு கேட்காமல் நூலகத்துக்கே போனாள். அங்கிருந்த கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தாள். உள்ளது. அதே அலமாரி. போய்ப் பார்த்தாள். காலி.

தொப்...

எங்கோ ஒரு புத்தகம் விழுந்தது. கடைசி வரிசையில், கன்னடப் புத்தகங்கள் இருக்கும் மூலையில். கன்னடம் படிக்கிற பெரியவர்கள் காலையிலேயே வந்து போய்விடுவார்கள். சாயங்காலம் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

தொப்... தொப்...

எட்டிப் பார்த்தாள். கம்பெனி யூனிபார்மில் காவேரி. முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள்.

“ஏய், நீ டூட்டிக்குப் போகல?”

காவேரி அடித்தட்டுக்குள் கையை விட்டாள். புத்தகங்களுக்குப் பின்னாலிருந்து அந்தக் கணக்குப் புத்தகத்தை இழுத்தாள்.

“இங்கதான் வெச்சேன். தெனமும் படிச்சிட்டு இங்க செருகிட்டுப் போவேன்...”

ஒரே தட்டில் சாப்பிட்டவளா இப்படி?

“ஏன்டி?”

“நீ பாஸாயிட்டா நான் மட்டும் இங்கயே கெடக்கணுமே...”

குரல் காவேரியிடமிருந்து வரவில்லை. அடித்தட்டுக்குள்ளிருந்து வந்தது.

“எடுத்துக்கோ. முழுசா இருக்கு.”

அனிதா குனிந்து வாங்கினாள். ஐஸ்போலச் சில்லென்றிருந்தது. நிமிர்ந்தாள்.

யாருமில்லை.

மூன்று பக்கமும் சுவர்.

புரட்டினாள். வட்டிக் கணக்குப் பாடம் மொத்தமாகக் கிழிக்கப்பட்டிருந்தது.

ஓடினாள்.

அறை வாசலில் வீட்டுக்காரம்மா சென்னம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

“எங்கம்மா போய்ட்ட? பெங்களூர் ரோட்ல காவேரிய லாரி அடிச்சிருச்சு. மத்தியானமே... அங்கயே உயிர் போய்ருச்சு.”

மறுநாள் அனிதா தேர்வு எழுதினாள். வட்டிக் கணக்கு நிறைய வந்தது. தேறவில்லை. வேப்பனப்பள்ளிக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள்.

அனிதா ஊருக்குக் கிளம்பும் முன், காரியம் முடிந்த பிறகு, விபத்து நடந்த இடத்தில் கிடந்த காவேரியின் பையைப் போலீஸார் அவளிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். டிபன் பாக்ஸுக்கு அடியில் மடித்த தாள்கள். வட்டிக் கணக்குப் பாடம். ஒரு பக்கம்கூடக் குறையவில்லை.

இதைச் சொல்லும்போதுதான் அனிதா அழுதாள்.

“பேயா வந்ததுகூட எனக்குப் பெருசில்லண்ணா. செத்த பிறகும் எங்கிட்ட பொய்தானே சொன்னா?”