மார்லிஸின் நாற்காலி

மார்லிஸ் ஹௌகன் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டும்போது மட்டும் வேறு வழியில்லாமல் உட்காருவாள். எங்கள் மினசோட்டா ஊரின் பேஸ்பால் மைதானத்தில் மதியம் கல்லூரி அணி ஆடும், சாயங்காலம் எங்கள் ஊர் அணி ஆடும். இரண்டுக்கும் ஆட்டக் கணக்கு அவள்தான். மைதானத்தைப் பார்த்த மாடி அறையில் அவள் பக்கத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பவன் நான், மெர்ல். அவளுக்குப் போட்ட நாற்காலியில் என் கோட்டு உட்கார்ந்திருக்கும்.

பந்தை அடித்தவன் தன் திறமையால் ஓடிச் சேர்ந்தானா, பிடிப்பவன் சொதப்பியதால் சேர்ந்தானா என்று அவள் சொல்ல வேண்டும். முன்னது அடி, பின்னது பிழை. அடி என்றால் பந்து வீசியவனுக்குக் கெட்ட பெயர், பிழை என்றால் அவனுக்கு ஒன்றுமில்லை. அன்று மதியம்கூட கல்லூரிப் பையன் ஒருவனின் அப்பா மேலே ஏறி வந்து, "என் பையன் வீசின பந்துங்க, அதைப் பிழைன்னு மாத்திடுங்களேன்" என்று கெஞ்சினார்.

"பிடிக்க முடியாத பந்துன்னா அது அடிதான். யார் வீசினா எனக்கென்ன?" என்று திருப்பி அனுப்பினாள்.

சாயங்காலம் எங்கள் ஊர் அணிக்கு வீசியது அவள் கணவன் கர்ட். இருபது வருடமாக வீசுகிறான். எதிரணிக்கு ஓர் அடிகூடக் கொடுக்காமல் ஒன்பது சுற்றையும் முடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஒருமுறைகூட நடந்ததில்லை. அன்று ஐந்து சுற்று முடிந்தும் கணக்குப் பலகையில் அடிக்கு நேரே பூஜ்யம். இப்படிப் போகும்போது அதை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சொன்னால் ராசி கெட்டுவிடும் என்பார்கள். வீசுபவனோடு பேசவும் கூடாது. கர்ட் பெஞ்சில் தொற்றுநோய்க்காரன் மாதிரி தனியே உட்கார்ந்திருந்தான். மார்லிஸ் ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

ஆறாம் சுற்றில் அவளால் தாங்க முடியவில்லை. "மெர்ல், இன்னும் ஒரு அடிகூட இல்ல!" என்றாள். ஒலிபெருக்கியை நான் அணைத்திருக்கவில்லை. மைதானம் முழுக்கக் கேட்டது.

"வாயைத் தச்சுக்கோம்மா!" என்று கீழேயிருந்து ஒரு கிழவர் கத்தினார்.

எட்டாம் சுற்றில் நடந்தேவிட்டது. எதிரணிக்காரன் அடித்த பந்து, மூன்றாம் முனையில் நின்ற எங்கள் டோபியின் கையுறையைப் பிய்த்துக்கொண்டு போனது. அடித்தவன் ஓடிச் சேர்ந்துவிட்டான். மொத்த ஊரும் எங்கள் அறையை அண்ணாந்து பார்த்தது.

"பிழைன்னு போடு. கையிலதானே பட்டுச்சு! ஒருத்தனும் கேக்க மாட்டான்," என்றேன்.

"அந்தப் பந்தை நீ பிடிச்சிருப்பியா?"

"நான் ஓடி ஒளிஞ்சிருப்பேன். அதுக்கென்ன இப்போ? உன் புருஷன்டி!"

அவள் பொத்தானை அமுக்கினாள். அடிக்கு நேரே இருந்த பூஜ்யம் ஒன்றாக மாறியது. கூட்டம் ஊளையிட்டது. எனக்கும் அவள்மேல் ஆத்திரம்தான்.

கர்ட் பலகையைப் பார்த்தான். டோபியைப் பார்த்து, உன்மேல் தப்பில்லை என்பதுபோல் தலையாட்டினான். பிறகு அன்று முதல்முறையாக எங்கள் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் வாயருகே குவித்தான்.

"மார்லிஸ்! இப்பவாச்சும் உக்காரு!"

ஊளையிட்ட கூட்டம் சிரித்தது. மார்லிஸ் என் கோட்டை எடுத்துக் கீழே போட்டாள். உட்கார்ந்தாள். அப்புறம்தான் அழுதாள்.