கண்டக்டர் கொடுத்த பவளம்

கடலூர் மீன்தொட்டிக் கடையில் பழக்கமானவர் அந்த பஸ் கண்டக்டர். காதோரம் நரைத்த, ஒல்லியான மனிதர். ஒருநாள் சிதம்பரத்திலுள்ள தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். அவருடைய கடல்நீர்த் தொட்டியில் உயிருள்ள பவளங்கள் பூவாய் விரிந்திருந்தன. அவர் வாங்கிய அதே நாளில் அதே கடையில் நான் வாங்கியவை என் வீட்டில் சுருங்கிக் கிடந்தன. எனக்கு வயிறு எரிந்தது.

சோப்பு பவளத்துக்கு ஆகாதென்று வெறும் தண்ணீரில் கையை முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்தவர், தொட்டித் தண்ணீரைச் சுழற்றும் பம்ப்பை நிறுத்திவிட்டு, சிரிஞ்சால் ஒவ்வொரு பவளத்தின் மேலும் துளித்துளியாகத் தீனி விட்டார்.

"தெனமும் போடுவீங்களா?" என்றேன்.

"வாரத்துக்கு ரெண்டு தடவதான். நீங்க ஜாஸ்தி போடுறீங்களோ? தண்ணி கெட்டுடும்."

தினமும் போட்டுக்கொண்டிருந்த நான், "இல்லீங்களே" என்றேன்.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. இருப்பதிலேயே நன்றாக விரிந்திருந்த பவளத்தைக் கல்லோடு எடுத்துக் கொடுத்தார். "இத வச்சிப் பாருங்க."

அவர் சொன்னபடி தீனியைக் குறைத்தேன்; என் வீட்டிலும் அது விரிந்தது. பொறாமைதான் அடங்கவில்லை. என்னிடம் அப்படி ஒன்று இருந்திருந்தால் அவருக்குக் கொடுத்திருக்க மாட்டேன்.