அக்கா கேட்ட ஒரு கேள்வி

இதை நான் கற்பனையாக எழுதவில்லை. கற்பனை என்றால் அக்காவை இதில் சேர்த்திருக்கவே மாட்டேன்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அவள்தான். பதினோரு வயது மூத்தவள். எனக்குக் காய்ச்சல் வந்தால் அவளுக்குத் தூக்கம் கிடையாது. அப்படிப்பட்டவள் போன் செய்து, "லீவுக்குக் கடற்கரைப் பக்கம் போலாமா? எல்லாம் நானே பார்த்துக்கறேன்" என்றபோது, வாயெல்லாம் பல்லாகக் கிளம்பினேன்.

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். சின்ன மீனவக் கிராமம். நாலைந்து தெருக்கள், ஒரு ஐஸ் ஃபேக்டரி, மணலில் ஏற்றி வைத்த படகுகள். படகு எஞ்சின் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர், பட்டறைக்கு மேலே இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். ஒன்று தெருவைப் பார்த்தது. மற்றது கடலை.

"கடல் பக்கம் நீ எடுத்துக்கோ."

"உனக்குத்தானே கடல்னா உயிர்?"

"காத்து ஒத்துக்கல."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அப்போது உறைக்கவில்லை.

அவள் அறைக் கதவில் ஒரு தாழ்ப்பாள். என் அறையில் மூன்று. மூன்றும் புதியவை. கட்டிலடியில் ஈர மணல் கிடந்தது. பெருக்கித் தள்ளினேன். காலையில் மறுபடி கிடந்தது.

அங்கே மதியத்துக்கு மேல் ஊரே தூங்கும். இரவெல்லாம் கடலில் இருப்பவர்களுக்கு அதுதான் ராத்திரி. மறுநாள் சாப்பிட்டுவிட்டு நானும் படுத்தேன்.

"சோப்பு வாங்கிட்டு வரேன். தாழ் போட்டுக்கோ. வந்து தட்டினா திற," என்று அக்கா இறங்கிப் போனாள்.

மணி 3.10. ஐஸ் ஃபேக்டரி மோட்டார் நின்றது. ஃபேனும் நின்றது. கரண்ட் போயிருக்கும்.

3.12. படிக்கட்டில் சத்தம்.

சளக்... சளக்...

நனைந்த துணியை இழுத்துக்கொண்டு யாரோ ஏறுவது போல.

டொக். டொக். டொக்.

"நான்தான். திற."

அக்காவின் குரல். எழுந்து முதல் தாழை நீக்கினேன். இரண்டாவதையும். மூன்றாவதில் கை வைத்தபடி எதேச்சையாக ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

கீழே, மணலில், ஒரு படகின் அருகே... அக்கா நின்றிருந்தாள்.

தோளில் அவளுடைய பயணப் பை. என் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலுக்கு ஓடிக் கையை ஆட்டினேன். பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பி, வேகமாக நடந்து போய்விட்டாள்.

டொக். டொக்.

"சுண்டு..."

அது என்னை வீட்டில் மட்டும் கூப்பிடும் பெயர். அம்மாவுக்குப் பிறகு அக்கா மட்டும்தான் கூப்பிடுவாள்.

"சுண்டு... அக்கா சொல்லித்தான் வந்திருக்கேன்..."

இப்போது அது அக்காவின் குரல் இல்லை.

கதவடியில் தண்ணீர் கசிந்து வந்தது. கால் விரலில் பட்டது.

ஐஸ்.

இரண்டு தாழையும் திரும்பப் போட்டேன்.

3.20. மோட்டார் ஓடத் தொடங்கியது.

தட்டுவது நின்றது.

கீழே இறங்கிப் போக எனக்கு மேலும் அரை மணி நேரம் ஆனது. படிகள் காய்ந்து கிடந்தன. அக்கா அறை காலி. பட்டறையில் மெக்கானிக் ஒரு பிஸ்டனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா எங்கே?"

"மூணரை பஸ்ல போயிட்டாங்க. இனி நாளைக்குக் காலையிலதான் பஸ்."

பிறகு தலை நிமிராமலே சொன்னார்.

"ரெண்டு மாசம் முன்னாடி தனியா வந்தாங்க. நீங்க இருக்கற அதே ரூம். மதியம் தட்டிச்சு. பயந்து ஊருக்கு ஓடினாங்க. அங்கயும் போய்த் தட்டிச்சாம். திரும்ப இங்கயே வந்து, அந்தக் கதவு முன்னாடி உட்கார்ந்து அழுதாங்க. என்னை விட்டுடு, என் தங்கச்சியைக் கூட்டிட்டு வரேன்னாங்க."

"தெரிஞ்சுமா எங்களுக்கு ரூம் குடுத்தீங்க?"

துடைத்த பிஸ்டனையே மறுபடி துடைத்தார்.

4.05. போன் அடித்தது. அக்கா. எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கதவைத் திறந்தியா?"

"இல்லக்கா."

சட்டென்று போனை வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலத்திலிருந்து விடியும்வரை மெக்கானிக்கின் மனைவியோடு பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தேன். அழுதுகொண்டே இருந்தேன். பயத்தால் இல்லை.

மறுநாள் காலை 10.30. அக்காவின் ஃபிளாட் திறந்து கிடந்தது. தரையெல்லாம் தண்ணீர். அவள் இல்லை. போலீஸ் தேடியது, நானும் தேடினேன். இன்றுவரை இல்லை.

அன்று காலை என் சத்தம் கேட்டு வெளியே வந்த எதிர்வீட்டு ஆன்ட்டி, என்னைப் பார்த்துக் குழம்பி நின்றார்.

"நீ எப்பம்மா வெளியே போனே? நேத்து சாயங்காலம் ஆறேகாலுக்குத்தானே வந்தே? தொப்பலா நனைஞ்சு, அக்கா அக்கான்னு எவ்வளவு நேரம் கதவைத் தட்டினே."

"அக்கா... திறந்தாளா?"

"முதல்ல திறக்கல. நீ அழ ஆரம்பிச்சதும் திறந்துட்டா. மன்னிச்சிடுன்னு சொல்லி உன்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாளேம்மா."